ஜூன் பதினெட்டு, மூணு இருபது

வேணாம்க்கா, மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் அதைத்தான் சொன்னாரு, மேல ஏத்திருங்கம்மான்னு. ஏத்தி, ரோட்டுல குலுங்கி, உள்ள இருக்கிறது அழிஞ்சுபோச்சுன்னா? அப்புறம் நான் எதை வச்சுப் பேசுறது? கனமெல்லாம் இல்ல. கனத்தாலும் பரவாயில்ல.

என்னது, தையல் மெசினா? இல்லக்கா. கம்ப்யூட்டரு. அதுலயும் உடம்பு மட்டும்தான் இது. தலை ஒண்ணு இருக்கு, டிவி மாதிரி. அது அங்க வருது பாருங்க. மூணு சீட்டு முன்னால, கோடு போட்ட சட்டை, மடியில ஒரு பெட்டியைத் துண்டு போட்டு மூடிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான். எங்க வீட்டுக்காரரு. திரவியம் சாருன்னா திருநகர் பூராம் தெரியும். கணக்கு வாத்தியாரு.

பாத்தது போதும்க்கா, இங்கிட்டுத் திரும்புங்க.

நாங்க பேசிக்கிறது இல்ல. இன்னியோட இருபத்து மூணு நாளாச்சு. சாப்பாட்டுத் தட்டை வைப்பேன், சாப்பிடுவாரு, கழுவி வைப்பாரு. மகளை நடுவுல வச்சுத்தான் பேச்சு. "அப்பாகிட்டச் சொல்லு கேஸ் தீந்துபோச்சுன்னு." இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கோவில்பட்டில எங்க சீனியண்ணன் வீட்டுல கூடிப் பேசப் போறோம். எங்க அண்ணன் மச்சினன் அங்க கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காரு. அவரு இதைத் திறந்து, எல்லாரு முன்னாலயும் காட்டுவாரு. இதுக்குள்ளதான் சாட்சி இருக்கு. இவரும் வர்றேன்னுட்டாரு. எதுக்குன்னு நினைக்கிறீங்க? தலையை நான் தூக்குனா போட்டு உடைச்சிருவேனாம். பொண்டாட்டி போறாளேன்னு இல்ல.

எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாதுக்கா. முதல்லயே சொல்லிர்றேன். எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல, அதைத்தான் கேக்குறேன்.

போன வருசம் சித்திரையில வந்துச்சு இது. புதுசு இல்ல, ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது. சீடி போடுற பொந்துகூட இல்ல, அதைத் தனியா வாங்கிப் பூட்டுனாரு. வந்த மறுநாளே டேபிள் ஃபேன் ஒண்ணு வாங்கிட்டு வந்தாருக்கா. அடடா, அடுப்படியில நான் வேகுறது இப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்னு நினைச்சேன். ஃபேனைக் கொண்டுபோய் இது பக்கத்துல வைக்கிறாரு. சூடாயிருமாம் இது. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசத்துல எனக்கு வேர்க்குதான்னு கேட்டது இல்ல. அடி ஆத்தி, அன்னிக்கே எனக்குக் காந்துச்சு. பொறாமை இல்ல. ஒரு பெட்டி மேல எவளாவது பொறாமைப்படுவாளா?

ஜூன் அஞ்சாந்தேதி ஒரு கம்ப்யூட்டர் புஸ்தகம் வாங்கிட்டு வந்தாரு. அதுக்குள்ள உறை போட்டு ஒரு சீடி. அந்த ஒரு சீடிக்குள்ள நூறு ப்ரோகிராமாம். எல்லாம் ஓசியான்னு கேட்டேன். ஓசிதான், ஆனா முப்பது நாளைக்கு. ஓட்டிப் பாத்துட்டுப் பிடிச்சிருந்தா, அமெரிக்காவுல அதை எழுதுனவனுக்கு டாலர்ல பணம் அனுப்பணும். ஷேர்வேருன்னு பேரு. அனுப்பலைன்னா முப்பத்தொண்ணாம் நாளு திறக்காது. நாம திருநகர்ல உக்காந்துக்கிட்டு டாலருக்கு எங்கிட்டுப் போறது?

ரெண்டே ரெண்டு ப்ரோகிராமை ஏத்துனாரு. ஒண்ணு பயோடேட்டா செய்யிறது. பேரு, படிப்பு, மார்க்குன்னு கட்டம் கட்டமாக் கேக்கும், நாம நிரப்பிட்டுப் போனா அழகா அச்சடிச்சுத் தரும். இன்னொண்ணு விளையாட்டு. சின்னச் சின்ன ஓடு, ஒவ்வொண்ணுலயும் ஒரு படம். மீனு, பூ, நிலா, மணி. ஒரே மாதிரி ரெண்டைத் தொட்டா ரெண்டும் மறைஞ்சிரும். பூராம் மறைஞ்சா ஒரு வாத்து வந்து குடையைப் பிடிச்சுக்கிட்டு ஆடும். சிரிக்காதீங்க. அந்த வாத்தைப் பாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏத்துன ஒரு வாரத்துல நான் கோவில்பட்டி போயிட்டேன். எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேசன். ஜூன் பன்னெண்டாந்தேதி போனேன், இருபத்து நாலு வந்தேன். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பதினெட்டாந்தேதி நான் எங்க இருந்தேன்னா, எங்க அம்மா பக்கத்துல இருந்தேன். அன்னிக்குத்தான் கட்டு அவுத்தாங்க. "ஏட்டி, இளைச்சுப் போயிட்டியே"ன்னு அம்மா சொன்னதே அன்னிக்குத்தான்.

திரும்பி வந்தேனா, அவரு பள்ளிக்கூடம் போனதும் சும்மா தொட்டுப் பாத்தேன். அம்புட்டுத்தான். சோறு பொங்கி வச்சுட்டு உக்காந்தா மகள் வர்ற நேரம் வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். ஜூலை அஞ்சாந்தேதி செத்துப்போச்சுக்கா. முப்பது நாளு முடிஞ்சதுன்னு இங்கிலீசுல ஒரு கட்டம் வருது, ஓகேவை அமுக்குனா கதவைச் சாத்துற மாதிரி மூடிக்கிருது. விளையாட்டும் போச்சு, பயோடேட்டாவும் போச்சு. அவர்கிட்டக் கேட்டேன், ஏங்க, வேற வழி இல்லையான்னு. "முப்பது நாள்னா முப்பது நாள்தான். அதுக்கு மேல போனா அடுத்தவன் உழைப்பைத் திருடுறது"ன்னாரு. அவரு குணம் அப்படி. பரீட்சையில பிட் அடிச்சான்னு சொந்தத் தங்கச்சி மகனையே எழுப்பி வெளிய அனுப்புனவரு. தங்கச்சி ரெண்டு வருசம் வீட்டுப் படி ஏறல.

இப்பத்தான் அவ வர்றா. ரூபாவதி. ரூபாவதி டீச்சரு.

அவங்க பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடம் ஆரம்பிக்கப் போறாங்களாம். அதுக்கு அவளைத் தயார்பண்ணச் சொல்லி ஹெட்மாஸ்டர் இவர்கிட்ட விட்டுட்டாரு. சனிக்கிழமையானா பத்து மணிக்கு டாண்ணு வந்து நிப்பா. வயசு இருபத்தாறு இருக்கும். முடி இடுப்புக்குக் கீழ தொங்குது. எண்ணெய் தேய்க்காமலே மினுங்குது, எப்படித்தான் மினுங்குமோ. மாம்பழக் கலர்ல ஒரு சேலை வச்சிருக்கா, மூணு வாரத்துக்கு ஒருக்கா அதைக் கட்டிட்டு வருவா. நான் எண்ணல, தானாத் தெரிஞ்சுச்சு. மெசினுக்கு முன்னால ரெண்டு நாற்காலி. ஒண்ணுல அவரு, ஒண்ணுல அவ. ஃபேன் காத்து ரெண்டு பேருக்கும் சேத்து. நான் அடுப்படியில வடை சுட்டுக்கிட்டு இருப்பேன்.

நடுவுல தனி மேசை போட்டிருக்கலாம்ல? சொல்லுங்க.

ராத்திரி சாப்பிடும்போது சொல்லுவாரு, "ரூபாவதிக்கு எதைச் சொன்னாலும் பளிச்சுன்னு புரியுது." பன்னெண்டு வருசத்துல என்கிட்டப் பளிச்சுன்னு எதையாவது இவரு பாத்திருக்காரா? அன்னிக்கு ரசத்துல உப்பை அள்ளிப் போட்டேன். தெரியாமப் போடல, தெரிஞ்சேதான் போட்டேன். அதையும் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

ஆனா அவ கெட்டவ இல்லைன்னுதான் அப்ப நினைச்சேன். அதான் என் கிறுக்குத்தனம். ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை, இவரு பால் வாங்கக் கடைக்குப் போயிட்டாரு. அவ மட்டும் உக்காந்திருக்கா. நான் போயி மெல்லக் கேட்டேன், ஏம்மா, இந்த வாத்து விளையாட்டை மறுபடி திறக்க முடியாதான்னு. சிரிச்சா. மூலையில மணி காட்டும்ல, அதை ரெண்டு தட்டுத் தட்டுனா. காலண்டர் வந்துச்சு. மாசத்தை ஜூனுன்னு மாத்துனா. தேதியைத் தொடல, மாசத்தை மட்டும். அப்புறம் விளையாட்டைத் தொட்டா, திறந்துருச்சுக்கா! அது ஏமாந்துபோச்சு. இன்னும் ஜூன் மாசம்தான் ஓடுதுன்னு நினைச்சுக்கிருச்சு. "ஆடி முடிச்சதும் மாசத்தைத் திருப்பி வச்சிருங்கக்கா. அப்பத்தான் சாருக்குத் தெரியாது"ன்னா. அவருக்கு மட்டும் சொல்லிராதம்மா, திருட்டுன்னு சொல்லுவாருன்னேன். என் கையில அடிச்சு, "எங்க அம்மா சத்தியமாச் சொல்ல மாட்டேன்க்கா"ன்னா.

அதுக்கு அப்புறம் தினமும் அதான் என் வேலை. அவரு கிளம்புனதும் மாசத்தை ஜூனாக்கிருவேன். சாயந்தரம் மகள் வர்றதுக்கு முன்னால ஆகஸ்டுன்னா ஆகஸ்டு, செப்டம்பர்னா செப்டம்பர்னு திருப்பி வச்சிருவேன். ஊருக்கே மாசம் ஓடும், எங்க வீட்டுல பகல்ல மட்டும் ஜூன். ஒரு நாளும் மாட்டல. அம்புட்டு சுத்தம்.

விருதுநகர் வந்துருச்சா? சரி, அவரு தண்ணி குடிக்கிறாரான்னு பாருங்க. பாட்டில் பையில இருக்கு, எடுக்கத் தெரியாது அவருக்கு. எடுத்துட்டாரா? சரி.

அவ ஒருநாள் என்கிட்டயும் ஒரு உதவி கேட்டா. அக்டோபர்ல. அன்னிக்கும் சனிக்கிழமைதான், இவரு சங்கத்து மீட்டிங்னு போயிட்டாரு. மத்தியானம் மூணு மணிக்கு ஃபைலோட வந்து நிக்கிறா. கல்யாணம் பேசியிருக்காங்களாம், மாப்பிள்ளை சிவகாசி. அங்கயே ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்கு எழுதிப் போடணும், பயோடேட்டா அடிக்கணும், சாருக்குத் தெரிஞ்சா ஹெட்மாஸ்டர் காதுக்குப் போயிரும், சொல்லாதீங்கக்கான்னா. நானும் சொல்லல. அன்னிக்கு அவ மேல பாசமாக்கூட இருந்துச்சு. சிவகாசிக்குப் போறாள்ல. சனியன் சனிக்கிழமையோட ஒழியுதுன்னு, காபியில டிகாசன் தூக்கலா விட்டுக் கொடுத்தேன். பக்கத்துல உக்காந்து சர்டிபிகேட்டைப் பாத்து மார்க்கெல்லாம் நான்தான் வாசிச்சேன். அவ அடிச்சா. பளிச்சுன்னு முடிச்சிட்டா.

அதெல்லாம் வேற விசயம்க்கா. நான் சொல்ல வந்தது டிசம்பர்ல நடந்தது.

அரைப் பரீட்சை லீவு. அவரு தூங்குறாரு. நான் இதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு சும்மா ஒவ்வொரு பையாத் திறந்து பாத்துக்கிட்டே போறேன். மஞ்சப் பை மாதிரி படம் போட்டிருக்கும், தட்டுனா உள்ள இருக்கிறதெல்லாம் வரிசையா வரும். பேரு, பக்கத்துல என்னிக்கு எழுதுனது, எத்தனை மணி. அதுல ஒண்ணு, ரூபா. இங்கிலீசுல நாலே எழுத்து. பக்கத்துல பாத்தா ஜூன் பதினெட்டு, மத்தியானம் மூணு இருபது.

ஜூன் பதினெட்டு நான் எங்கக்கா இருந்தேன்? சொன்னேன்ல? எங்க அம்மா பக்கத்துல. வீட்டுல யாரு இருந்தது? மகள் பள்ளிக்கூடம் போயிருப்பா. அவரு மட்டும்தான். அவ சனிக்கிழமை வர ஆரம்பிச்சதே ஜூலையில. அதுக்கு முன்னாலயே, நான் இல்லாத வீட்டுக்குள்ள, மத்தியானம் மூணு இருபதுக்கு, ரூபா!

எழுப்பிக் காட்டுனேன். கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு. "அன்னிக்கு நான் பள்ளிக்கூடத்துலல்ல இருந்திருக்கணும்"னாரு. அதைத்தான் நானும் கேக்குறேன், எங்க இருந்தீங்கன்னேன். திறந்து காட்டுறேன்னு தட்டுனாரு. முப்பது நாள் முடிஞ்சதுன்னு கட்டம் வந்து மூடிக்கிருச்சு. நல்லா மூடுச்சு! உலகத்துக்கே "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, மனுசன்தான் பொய் சொல்லுவான்"னு பாடம் நடத்துனவரு இவருதானே. அதையே திருப்பிக் கேட்டேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு அந்தத் தேதியை மறுபடியும் பாத்துட்டு, "பொய் சொல்லாதே… ஒருவேளை வந்திருப்பாளோ? எனக்குத்தான் மறந்துபோச்சோ?"ன்னாரு.

கேட்டீங்களா? மறந்துபோச்சாம்! ஒத்துக்கிட்ட மாதிரிதானேக்கா அது?

நான் தனியா இருக்கும்போது மாசத்தை மாத்தித் திறந்து பாத்திருக்கலாம். பாக்கல. உள்ள என்ன எழுதியிருக்குமோன்னு பயம். பாத்துட்டா அப்புறம் பாக்காம இருக்க முடியாதுல்ல. எங்க அண்ணன் பக்கத்துல இருக்கும்போது பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

ஜனவரி ரெண்டாந்தேதி பள்ளிக்கூடம் திறந்துச்சு. காலையில நேரா பள்ளிக்கூட கேட்டுக்கே போயிட்டேன். இவரு சைக்கிளை உருட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவ வர்றா, மாம்பழக் கலரு. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. வாயில வந்ததெல்லாம் கேட்டேன். நான் இல்லாத வீட்டுல உனக்கு என்னடி வேலைன்னேன். டீச்சருங்க, பிள்ளைக, டீக்கடை, எல்லாரும் பாக்குறாங்க. "அக்கா, அது ஜூன்ல இல்லக்கா, அந்தத் தேதி…"ன்னு ஆரம்பிச்சா. ஆரம்பிச்சவ, பின்னாடி நின்ன இவரைப் பாத்தா. அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்க்கா. பாத்துட்டு வாயை மூடிக்கிட்டா. அதுக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசல. மடியில கனம் இல்லாதவளா இருந்தா பேசியிருக்க மாட்டாளா?

அன்னிக்கே லீவு எழுதிக் கொடுத்துட்டுப் போனவதான், வரல. எனக்கும் இவருக்கும் பேச்சு நின்னதும் அன்னிக்குத்தான். அந்த டீக்கடையில மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் நின்னிருக்கான். தையில கல்யாணம்னு இருந்தது, இப்ப "யோசிச்சுச் சொல்றோம்"னு சொல்லிட்டாங்களாம். அவ அம்மா எங்க வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. நான் கதவைத் திறக்கல. எதுக்குத் திறக்கணும்? இன்னிக்கு எங்க அண்ணன் வீட்டுல இது திறக்கும்ல, அப்ப ஊருக்கே தெரியட்டும்.

வெள்ளரிக்காயா? வாங்குங்க, சாத்தூர் வெள்ளரி பிஞ்சா இருக்கும். எனக்கு வேணாம்.

என்ன கேட்டீங்க?

ஆமா, ஜூலை அஞ்சாந்தேதி. ரெண்டும்தான் செத்துச்சு. விளையாட்டும் பயோடேட்டாவும். அதான் சொன்னேனே.

அக்டோபர்ல அவ எப்படி அடிச்சாளா? அடிச்சா. நான் பக்கத்துலயே இருந்தேன். கட்டம் கட்டமா நிரப்பி…

இல்ல, இருங்க. அது திறக்காதுல்ல.

அன்னிக்கு… அவ வந்தப்ப நான் ஆடிக்கிட்டு இருந்தேன். ஆமா. நாலே ஓடுதான் பாக்கி, வாத்து வர்ற நேரம். "ஆடி முடிங்கக்கா, நான் காத்திருக்கேன்"னா. பரவாயில்ல நீ உக்காருன்னு நான்தான் எந்திரிச்சு இடம் கொடுத்தேன். மாசத்தைத் திருப்பி வைக்கல. அவ போன பின்னால, சாயந்தரம்தான் வச்சேன். அப்ப அவ அடிக்கும்போது உள்ள ஜூன் மாசம். மாசத்தை மட்டும்தான் மாத்துவேன், தேதியைத் தொட மாட்டேன். அன்னிக்கு என்ன தேதி? சங்கத்து மீட்டிங்கு… நோட்டீஸ் காலண்டர்ல சொருகி இருந்துச்சு. பதினெட்டு. அக்டோபர் பதினெட்டு. மூணு மணிக்கு வந்தா. நான் காபி போட்டுக் கொடுத்து, மார்க்கு வாசிச்சு, தமிழ்ல நூத்தி நாப்பத்தொண்ணு, கணக்குல நூத்தி எண்பத்து மூணு…

எனக்குத் தெரியும்க்கா அதுக்குள்ள என்ன இருக்குன்னு. நான்தான் வாசிச்சேன்.

ஆத்தாடி.

அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. கேட்டுல நிக்கும்போதே தெரிஞ்சிருக்கு. தேதின்னு ஆரம்பிச்சாளே! அக்கா மாசத்தை மாத்தி ஆடுவாங்க சார்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முடிஞ்சிருக்கும். இவரைப் பாத்துட்டு வாயை மூடிட்டா. என் கையில அடிச்ச சத்தியத்துக்காக மூடிட்டாக்கா. டீக்கடை பாக்குது, பிள்ளைக பாக்குது, மூடிக்கிட்டு நிக்கிறா. நான் அவளை என்னென்ன கேட்டேன்! அவ அம்மா வாசல்ல நின்னுச்சே.

இந்த மனுசனைப் பாருங்க. செய்யாத ஒண்ணைச் செஞ்சிருப்போமோன்னு இருபத்து மூணு நாளா யோசிச்சுக்கிட்டே இருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.

இல்லக்கா, அழல. காத்து அடிக்குது.

அங்க போயி அண்ணன் மச்சினன் திறந்த பின்னால சொல்றதா? வேணாம். அது வரைக்கும் இவரு அங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். எல்லாரும் இருக்கும்போது நானே மூலையில தட்டி மாசத்தைத் திருப்பிக் காட்டுறேன். வாத்தையும் காட்டுறேன், சிரிக்கட்டும். நாளைக்கே சிவகாசிக்குப் போயி அந்த மாப்பிள்ளை வீட்டுல நிக்கிறேன், அவங்க என்னைச் செருப்பால அடிக்கட்டும். ஆனா இவருக்கு முதல்ல தெரியணும். திருட்டுன்னு சொல்லுவாரு. சொல்லட்டும். இருபத்து மூணு நாளு கழிச்சு என்கிட்ட ஏதாவது சொல்லட்டும்.

கோவில்பட்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்குமா? அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. நீங்க அந்த சீட்டுக்குப் போங்க, அவரை இங்க அனுப்புங்க. உங்க வீட்டுக்காரம்மா கூப்பிடுதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தத் தலையை நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கங்க, கவனம், துண்டு நழுவாம. இந்தா, வெள்ளரிக்காயையும் எடுத்துக்கங்க.

அக்கா… சொல்லிட்டு உடனே உக்காந்திருங்க. நின்னு பேசிக்கிட்டு இருக்காதீங்க.